குடும்பத்துக்குள் எச்.ஐ.வி பரவலைத் தடுக்கும் ஆய்வுகளின் வரலாறு

எச்.ஐ.வி தொற்றுள்ள ஒருவரிடமிருந்து அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் பிறக்கும் குழந்தைக்கும் தொற்று பரவாமல் தடுக்கும் வழிகளைத் தேடிய பெரிய ஆய்வுகள் 1990களில் தொடங்கின. தொற்றுள்ளவரின் நலனுக்காகக் கொடுக்கப்படும் மருந்தே அவருடைய குடும்பத்துக்கும் காப்பாகிறது என்பதே இவை கண்ட முடிவு.

பின்னணி

எய்ட்ஸ் நோய் 1981-இல் அமெரிக்காவில் முதலில் பதிவானது. இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன்.

தொடக்கக் காலத்தில் தடுப்பு என்பது ஒழுக்கம் பற்றிய அறிவுரையும் ஆணுறையும் மட்டுமே. குடும்பத்துக்குள் இவை போதவில்லை. கணவருக்குத் தொற்று இருந்தால், மனைவியின் ஒழுக்கம் அவரைக் காக்கவில்லை. ஆணுறை அணிவது கணவரின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. குழந்தை வேண்டும் என விரும்பிய தம்பதியருக்கு அதுவும் உதவவில்லை.

தாயிலிருந்து சேய்க்கு

முதல் வெற்றி தாய்–சேய் பரவலில் கிடைத்தது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 1994-இல் வெளியாயின. கருவுற்ற தாய்மார்களுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் சிடோவுடின் மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து பெறாத பிரிவில் 25.5 விழுக்காடாக இருந்த பரவல், மருந்து பெற்ற பிரிவில் 8.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அம்மருந்து முறை நீண்டது, செலவும் மிகுந்தது. ஏழை நாடுகளுக்கு ஏற்ற எளிய முறையை உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ஆய்வு 1999-இல் காட்டியது. பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு ஒரு வேளை, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஒரு வேளை என நெவிரபின் மருந்து கொடுத்ததில், பரவல் ஏறத்தாழப் பாதியானது.

ராக்காய் ஆய்வு

கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 415 தம்பதியர் உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில் கண்காணிக்கப்பட்டனர். இரத்தத்தில் வைரஸ் அளவு கூடக் கூடப் பரவலும் கூடியது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 1,500-க்குக் குறைவாக இருந்தவர்களிடமிருந்து துணைவர் எவருக்கும் தொற்றவில்லை. வைரஸ் அளவைக் குறைத்தால் பரவலைத் தடுக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

இந்த அறிவுக்கு விலையும் இருந்தது. ஆய்வுக் காலத்தில் 90 பேர் தம் துணைவரிடமிருந்து புதிதாகத் தொற்றுப் பெற்றனர். ஆலோசனையும் ஆணுறையும் வழங்கப்பட்டன. வைரஸ் எதிர்ப்பு மருந்து வழங்கப்படவில்லை. முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் வெளியானபோது, அவற்றை வெளியிட்ட அமெரிக்க மருத்துவ இதழின் ஆசிரியர் மார்சியா ஏஞ்சலே, பணக்கார நாட்டில் இப்படியோர் ஆய்வை நடத்த முடியாது என்று சுட்டிக்காட்டினார்.

அக்காலத்தில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் மருந்துச் செலவானது. 2001-இல் மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. இந்திய அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கியது.

எச்.பி.டி.என் 052

அமெரிக்க மருத்துவர் மைரான் கோகன் தலைமையில் ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடந்த ஆய்வு இது. சென்னையும் புனேயும் இதன் மையங்களில் அடங்கும். தொற்றுள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து தொடங்கப்பட்டது. மறு பிரிவினருக்கு, அக்கால வழக்கப்படி, நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைந்த பிறகு தொடங்குவதாகத் திட்டம். ஆலோசனையும் ஆணுறையும் இரு பிரிவினருக்கும் கிடைத்தன.

புதிதாகத் தொற்றுப் பெற்றவரின் வைரஸ் அவருடைய துணைவரிடமிருந்து வந்ததா என்பது மரபணு ஒப்பீட்டால் உறுதி செய்யப்பட்டது. 2011 மே மாதம் வெளியான முடிவின்படி, அவ்வாறு உறுதியான 28 தொற்றுகளில் 27 காத்திருந்த பிரிவில் ஏற்பட்டவை. உடனே மருந்து பெற்ற பிரிவில் ஒன்று மட்டுமே. பரவல் 96 விழுக்காடு குறைந்திருந்தது. உடனே காத்திருந்த பிரிவினருக்கும் மருந்து அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

பிந்தைய ஆய்வுகள்

தொற்றில்லாத துணைவர் முன்கூட்டியே மருந்து உட்கொள்வதும் பயன் தரும் என்பதைக் கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வு 2012-இல் காட்டியது. ஐரோப்பாவின் 14 நாடுகளில் நடந்த பார்ட்னர் ஆய்வு, ஆணுறையின்றி உறவு கொண்ட 888 இணையரை ஆராய்ந்தது. 2016-இல் வெளியான அதன் முடிவில், வைரஸ் கட்டுப்பாட்டில் இருந்த துணைவரிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. புதிதாகத் தொற்றுப் பெற்ற 11 பேருக்கும் அது வெளியிலிருந்து வந்தது என மரபணு ஒப்பீடு காட்டியது.

விளைவுகள்

தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. இந்தியா 2017-இல் இம்முறையை ஏற்றது. தாய்–சேய் எச்.ஐ.வி பரவலை ஒழித்த முதல் நாடாகக் கியூபா 2015-இல் சான்று பெற்றது. இலங்கை 2019-இல் பெற்றது.

மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவில் நீடித்தால் மட்டுமே இந்தப் பாதுகாப்பு நிலைக்கும். அது பாலுறவு வழிப் பரவலுக்கே முழுமையாகப் பொருந்தும். தாய்ப்பாலூட்டலில் ஆபத்து மிகக் குறைந்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவே பாலூட்டும் தாய் மருந்தைத் தொடர்வதும், குழந்தைக்கு உரிய காலத்தில் பரிசோதனை செய்வதும் இன்றும் கட்டாயமாகும்.