கண் மருத்துவர் பெயரில் ஒரு படகு

மெல்பர்னின் புறநகரான டார்னெய்ட்டில் கடல் இல்லை. காலையில் வேலைக்குப் போகிற எங்களுக்கு 2015-இல் திறந்த ரயில் நிலையம்தான் துறைமுகம். அதனாலோ என்னவோ, சிட்னிக்குப் போனால் சர்க்குலர் கீ படகுத்துறையில் கொஞ்ச நேரம் நிற்காமல் திரும்ப மாட்டேன். அங்கே அலுவலகம் போகிறவர்கள் ஏறி இறங்கும் ஃபெரி ஒன்றின் பெயர் 'ஃபிரெட் ஹாலோஸ்'. டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் கட்டப்பட்டு, 2017-இல் ஓடத் தொடங்கியது. 400 பேர் ஏறலாம். மக்களிடம் பெயர் கேட்டுத்தான் இந்த வரிசைப் படகுகளுக்குப் பெயர் வைத்தார்கள்.

ஹாலோஸ் கண் மருத்துவர். 1929-இல் நியூசிலாந்தின் டுனெடினில் பிறந்தவர். 1968-இல், நிலத்துக்காகவும் கூலிக்காகவும் போராடிக்கொண்டிருந்த குரிஞ்சி பழங்குடியினரைப் பார்க்க வட ஆஸ்திரேலியாவின் வேவ் ஹில்லுக்குப் போனார். ஊரெங்கும் ட்ரகோமா. முகம் கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் பரவும் நோய் அது. திரும்பத் திரும்ப வந்தால் இமை உள்பக்கம் சுருண்டுகொள்ளும். இமைமுடி கருவிழியை உரசி உரசியே பார்வையைத் தின்றுவிடும். பணக்கார நாடு ஒன்றில் இதைக் கண்டு அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் கடைசிவரை ஆறவில்லை. 1976-இல் ஒரு குழுவைத் திரட்டி உள்நாட்டுக்குள் புறப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கண் பார்த்தார்கள்.

அதே 1976-இல்தான் மதுரையில் பணி ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு, 11 படுக்கைகள் போட்டு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்த ஒற்றுமை எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பு தருகிறது. இருவரையும் மறித்தது ஒரே சுவர்: கண்புரை எடுத்தபின் வைக்கும் செயற்கை லென்ஸின் விலை. அன்று ஒன்று 100 டாலருக்கும் மேல். 1992-இல் மதுரையில் அரவிந்தின் லென்ஸ் தொழிற்கூடமான ஆரோலேப் பிறந்து அதைச் சுமார் 10 டாலருக்கு இறக்கியது. ஹாலோஸ் எரித்திரியாவிலும் நேபாளத்திலும் லென்ஸ் தொழிற்கூடம் வேண்டும் என்று பணம் திரட்டினார். சிறுநீரகப் புற்றுநோய் முற்றியிருந்த 1992-இலும், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து வியட்நாமுக்குப் பறந்தார். அங்குள்ள மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

1993 பிப்ரவரி 10 அன்று இறந்தார். எரித்திரியாவின் ஆஸ்மராவிலும் நேபாளத்தின் காத்மாண்டுவிலும் லென்ஸ் தயாராகத் தொடங்கியது அதன் பிறகுதான். அதை அவர் பார்க்கவில்லை. அவர் அடக்கமானது கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி உள்நாட்டில், தாம் வைத்தியம் பார்த்த போர்க் என்ற சிற்றூரின் செம்மண்ணில். பெயர் மட்டும் சிட்னித் துறைமுகத்தில், உப்புத் தண்ணீரில் அலைகிறது.

அடுத்த வாரம், இதே வரிசைப் படகொன்றில் பெயராக நிற்கும் இதய அறுவை மருத்துவர் விக்டர் சாங்.

(தொடரும்)