சிலுவையின் அடியில் ரிஷோ கண்டது எது? 1689ஆம் ஆண்டுப் புதுச்சேரிக் குறிப்பு: ஒரு மறுவாசிப்பு

ஆல்ஃபா சென்டாரி ஓர் இரட்டை விண்மீன் என்பதை முதலில் எழுதிவைத்தவர் ழான் ரிஷோ. இதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சயாமில் 1688இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பையடுத்துப் புதுச்சேரிக்கு வந்த இந்த இயேசு சபைப் பாதிரியார், 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைக் கவனித்துவந்தபோது 12 அடித் தொலைநோக்கியில் அதைக் கண்டார். வானியல் வரலாறுகள் பெரும்பாலும் இந்தச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. அவரது குறிப்பின் பின்பாதி ஒரு பேச்சுத் துணுக்குப்போல ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பின்பாதியே இக்கட்டுரையின் பொருள்.

அதில் ரிஷோ ஓர் ஒப்பீடு செய்கிறார். தெற்குச் சிலுவையின் அடிவிண்மீனான ஆல்ஃபா குரூசிஸும் இரட்டைதான். ஆனால் அங்கே ஒன்றிலிருந்து மற்றொன்று நன்றாக விலகித் தெரிகிறது. சென்டாரஸின் காலில் உள்ள இரண்டுமோ தொலைநோக்கியிலும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. இருந்தும் எளிதில் பிரித்தறியலாம். இதுவே அவர் சொல்வதன் சாரம். எண் எதுவும் தரப்படவில்லை. ஆயினும் இதை ஓர் அளவீடாகவே கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

ஆல்ஃபா சென்டாரியின் இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 79.8 ஆண்டுகள் ஆகின்றன. 1689இன் இறுதியோடு நான்கு சுற்றுகளைக் கூட்டினால் 2009 வருகிறது. ஆகவே ரிஷோ கண்ட இடைவெளி 2009இல் நாம் கண்ட இடைவெளியே, அதாவது 7 முதல் 8 வில்விநாடி. சுற்றுக்காலத்தில் உள்ள சிறு ஐயம் இந்த மதிப்பைப் பெரிதாக மாற்றாது. “ஒட்டியும் பிரிந்தும்” என்ற அவரது வருணனைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

சிக்கல் சிலுவையில்தான் இருக்கிறது. ஆல்ஃபா குரூசிஸின் நெருங்கிய இணை இன்று 4 வில்விநாடி அளவே பிரிந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது 5க்குச் சற்று மேல். இந்தப் போக்கைப் பின்னோக்கித் தாராளமாக நீட்டினாலும் 1689இல் 6 அல்லது 6.5க்கு மேல் போகாது. சென்டாரஸின் இணையைவிடக் குறுகிய, மிஞ்சினால் அதற்குச் சமமான இந்த இடைவெளியை “நன்றாக விலகியது” என்று ஒருவர் எப்படி எழுதுவார்?

எழுதமாட்டார். சிலுவையின் அடியில் ஏறத்தாழ 90 வில்விநாடி தொலைவில் ஐந்தாம் தரத்தை ஒட்டிய மங்கலான மூன்றாம் விண்மீன் ஒன்று உண்டு. ரிஷோ பேசுவது அதைப் பற்றியே. நெருங்கிய இணை அவருக்கு ஒற்றை ஒளியாகவே தெரிந்திருக்க வேண்டும்.

1685இல் நன்னம்பிக்கை முனையில் ஃபோந்தெனே பாதிரியாரின் குழு சிலுவையை நோக்கியதை இதற்கு எதிராகக் காட்டலாம். தஷார் எழுதிய பயணநூல், நெருங்கிய இரண்டோடு சற்றுத் தள்ளி நிற்கும் சிறிய மூன்றாவதையும் குறிப்பிடுகிறது. அவர்கள் கண்டதை ரிஷோ காணாதது ஏன்? விடை வானத்திலேயே இருக்கிறது. ஜூன் மாதத்தில் நன்னம்பிக்கை முனையில் சிலுவையின் அடி 60 பாகைக்கு மேல் ஏறும். டிசம்பர் விடியலுக்கு முன் புதுச்சேரியில் அது 16 பாகையைத் தாண்டாது. அடிவானத்தை ஒட்டிய கலங்கிய காற்றில், கிட்டத்தட்ட சமப் பொலிவுள்ள இரு புள்ளிகள் ஒன்றாய்க் கரைவது இயல்பு.

இதே வாதம் என்மீதும் திரும்பும் என்பதை மறைக்கப்போவதில்லை. அந்த வேளையில் ஆல்ஃபா சென்டாரி இன்னும் தாழ்வாக, 10 பாகை அளவில்தான் நின்றது. அந்தக் காற்றிலும் அது பிரிந்து தெரிந்ததென்றால், அதைவிட உயரத்தில் நின்ற சிலுவையின் இணை ஏன் பிரியவில்லை? இதுவே வலுவான ஆட்சேபம். முழு விடை என்னிடம் இல்லை. ஒன்றிரண்டு வில்விநாடி வேறுபாடும் ஒற்றை வில்லைத் தொலைநோக்கியின் எல்லையில் தீர்மானமானதாகிவிடும் என்பது பகுதி விடை. தாழ்ந்த காற்று சென்டாரஸின் இணையை ஒட்டினாற்போல் காட்டியிருக்கலாம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் எந்தக் காற்றும் சிலுவையின் 6 வில்விநாடியை “நன்றாக விலகியதாக” விரித்துக் காட்டாது. என் வாசிப்பு ஊன்றி நிற்பது இந்த ஒரு புள்ளியில்தான்.

ரிஷோ சிலுவையை வேறொரு கருவியால், வேறொரு மாதத்தில் பார்த்திருக்கலாம் என்பது வெறும் ஊகம். குறிப்பில் அதற்கு இடமில்லை. ஒன்றையொன்று சுற்றும் இணை என்ற கருத்தே அவருக்கு இல்லை என்பது உண்மை. மிச்செலின் 1767ஆம் ஆண்டு வாதமும் ஹெர்ஷலின் 1803ஆம் ஆண்டு அறிக்கையும் வரவேண்டியிருந்தன. அதனால் அவர் கண்ணுக்குத் தெரிந்த இடைவெளி மாறிவிடாது.

இந்த வாசிப்பு சரியென்றால், ஆல்ஃபா குரூசிஸின் நெருங்கிய இணைக்கு 1689ஆம் ஆண்டுக் குறிப்பை இரண்டாம் சான்றாகக் காட்ட முடியாது; ஃபோந்தெனேயின் குழுவே அதற்கு அக்காலத்தின் ஒரே சாட்சியாக மிஞ்சும். ஆல்ஃபா சென்டாரிக்கோ ரிஷோவின் சாட்சியம் முன்னிலும் வலுப்பெறுகிறது. 90ஐ விலகலென்றும் 7ஐ ஒட்டலென்றும் பிரித்துச் சொன்ன கண் அது.