செத்த குதிரைக்கும் விலை உண்டு!

ஸ்ரீரங்கம் போனால் வெள்ளைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சேஷராயர் மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கல் குதிரைகள், மேலே வீரர்கள், கீழே புலி. விஜயநகர காலத்து வேலை. பார்க்கிற எல்லோரும் சிற்பியைப் பாராட்டுவார்கள். பி.காம். படிக்கிறவனுக்கு வரும் சந்தேகமே வேறு: நிஜக் குதிரையை யாரிடம், என்ன விலைக்கு வாங்கினார்கள்? :-)

பதில் அந்த மண்டபத்தைவிடப் பழையது. ஸ்ரீரங்கம் விமானத்துக்குப் பொன் வேய்ந்தவர் ஜடாவர்மன் சுந்தர பாண்டியன். 13-ம் நூற்றாண்டில் அந்தப் பாண்டியர்களுக்கு அரபுக் குதிரைகள் கடல் வழியாகத் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைக்கு வந்து இறங்கின. பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே கொடுக்கிறார். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுதீன் மட்டும் வருடத்துக்கு 1,400 குதிரைகள் அனுப்ப வேண்டும். ஒரு குதிரை 220 பொன் தினார். வேறு துறைகளிலிருந்தும் சேர்த்து 10,000 குதிரைகள் வந்ததாகவும் சொல்கிறார். பெருக்கிப் பாருங்கள், 22 லட்சம் தினார்!

இதில் ஒரு ஷரத்துதான் முக்கியம். வழியில் குதிரை செத்தாலும் விலையை மன்னர் கொடுத்தே ஆக வேண்டும்.

நாம் படிக்கும் 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26-வது பிரிவு என்ன சொல்கிறது? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை கைமாறும் வரை நஷ்டம் விற்பவர் தலையில். பாண்டியர் செய்ததுதான் அந்த 'வேறு ஒப்பந்தம்'.

ஏன் ஒத்துக்கொண்டார்? போருக்குக் குதிரை வேண்டும், இங்கே நல்ல ஜாதிக் குதிரை வளரவில்லை. விற்பவர் கை ஓங்கிவிட்டது. போதாக்குறைக்கு, காயலில் பாண்டியரின் அமைச்சராக இருந்த தக்கியுதீன் யார் தெரியுமா? ஜமாலுதீனின் தம்பி! விற்பவர் அண்ணன், வாங்கும் இடத்தில் தம்பி.

1290-களில் வந்த மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஒரே வருடத்தில் செத்துவிடுமாம். பராமரிக்கத் தெரிந்த லாட வைத்தியர்களை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லை. செத்தால்தானே மறுபடி விற்கலாம்!

விஜயநகரமும் தப்பவில்லை. 1530-களில் எழுதிய நூனிஸ், தானே போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி. சாளுவ நரசிம்மர் (ஆட்சி 1485–1491) குதிரையை உயிரோடோ செத்தோ வாங்கினார் என்கிறார். கடலில் செத்ததற்கு வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினால் போதும், முழு விலை கிடைக்கும். வால்தான் பில்!

ஆனால் அவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. வியாபாரியின் பயத்தை அவர் விலை கொடுத்து வாங்கினார். கடல் நஷ்டம் தனக்கில்லை என்றால் கப்பல் தைரியமாக வரும், குதிரை எதிரி பாமினிக்குப் போகாது. இன்றைய பாஷையில், இன்சூரன்ஸ் பிரீமியத்தை வாங்குபவரே கட்டினார்.

இப்போது ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு வாருங்கள். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். நாட்டியக் குதிரை வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டு, ஆடவிட்டுப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் அடுத்த குதிரைக்குப் போய்விடுவார். பாண்டிய மன்னருக்குக்கூட இல்லாத வசதி இது!

கையில் எவ்வளவு பொன் இருக்கிறது என்பதில் இல்லை பேரம். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நடக்க முடிகிறதா என்பதில் இருக்கிறது.