ஐபி முகவரி சாட்சியான கதை: இந்திய இணையப் புலனாய்வில் ஒரு தடம்

ஐபி முகவரி சுட்டுவது ஓர் இணைப்பை. அதை ஒரு மனிதரின் பெயராகவே படிக்கும் வழக்கம் நம் புலனாய்வில் எப்படி வேரூன்றியது என்பதையும், தொழில்நுட்பம் அந்த வழக்கத்தை எவ்வாறு பொய்யாக்கிவருகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. டயல்-அப் காலம் அது. சந்தாதாரர் இணையும்போது அவருக்கு ஐபி முகவரியாக ஓர் எண் கிடைக்கும். துண்டித்ததும் அது வேறொருவருக்குப் போகும். எண்ணும் நேரமும் சரியாக இருந்தால் ஒரு தொலைபேசி இணைப்பை அடையாளம் காணலாம். அந்தத் துல்லியமே பிற்கால நம்பிக்கைக்கு அடித்தளம்.

தமிழ்நாட்டின் முக்கிய வழக்கு 2004-ல் வந்தது. யாஹூ குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசச் செய்திகள் இடப்பட்டன. குற்றவாளியை மும்பையில் பிடித்த சென்னைக் காவல்துறை, அவ்வாண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றுத் தந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று அது குறிப்பிடப்படுகிறது. அந்த வழக்கில் மின்னணு ஆவணங்களோடு பிரவுசிங் சென்டர் உரிமையாளர்களின் சாட்சியத்தையும் நீதிமன்றம் ஏற்றது. முகவரி கடை வாசல் வரைதான் வரும். உள்ளே உட்கார்ந்திருந்தவரை மனிதக் கண்தான் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டர்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் அடையாள அட்டையையும் பதிவேட்டையும் கட்டாயமாக்கி இந்த இடைவெளியை அடைக்க முயன்றன.

மனித சாட்சியம் இல்லாதபோது நேரும் விபரீதத்தை 2007 காட்டியது. ஆர்க்குட் சமூக வலைத்தளத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியை இழிவுபடுத்திய படத்துக்காகப் புனே காவல்துறை பெங்களூரு மென்பொருள் பொறியாளர் ஒருவரைக் கைது செய்தது. இணைய நிறுவனம் தந்த விவரம் தவறு என்று தெரிவதற்குள் அவர் சுமார் 50 நாள் சிறையில் கழித்துவிட்டார். ஒரு வரித் தகவல் ஒரு மனிதரின் சுதந்திரத்தைப் பறித்ததை எளிதில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய பிழைக்கு இன்னொரு வாசலும் உண்டு. சர்வர் பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னே. கணக்கிடத் தவறினால் முகவரி வேறொருவர் வீட்டுக்குப் போய்விடும்.

செல்பேசி இணையம் சிக்கலைப் பெருக்கியது. ஐபி நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. போதாமையால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கின்றன. மேல்சித்தாமூர் கிராமத்தில் ஒருவர் அனுப்பும் செய்தி, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் முன்பின் அறியாத பலர் அதே நொடியில் பயன்படுத்தும் எண்ணோடு வெளியே போகலாம். வரைபடத் தளங்கள் அந்த எண்ணைச் சென்னை என்றும் காட்டக்கூடும். அவர்களைப் பிரித்தறிய, ஒவ்வோர் இணைப்புக்கும் தரப்படும் துணை எண்ணான போர்ட் எண் தேவை. அதையும் பதிவு செய்யுமாறு இணையத் தர அமைப்பு 2011-லேயே பரிந்துரைத்தது. போர்ட் எண் இல்லாத காவல்துறைக் கடிதத்துக்கு நிறுவனம் தரக்கூடியது ஒரு நீண்ட பெயர்ப் பட்டியல்தான்.

அரசின் விடை பதிவுகளைப் பெருக்குவதாக இருந்தது. கணக்கையே ஆளோடு பிணைக்கும் முயற்சியும் எழுந்தது: சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரிய மனுக்கள் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. விவாதம் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது நோக்கி நகர்ந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் முதலில் அனுப்பியவரைக் கண்டறிவதைக் கடமையாக்கின. 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 180 நாள் பதிவுகளையும், விபிஎன் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டும் காக்க ஆணையிட்டது. எல்லோருடைய நடமாட்டத்தையும் சேமிப்பதைவிட, கேட்கும் கடிதத்தில் போர்ட் எண்ணையும் நேர மண்டலத்தையும் கட்டாயமாக்குவதே நியாயமான முதல் படி என்பது என் கருத்து.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. பதிவு திருத்தப்படவில்லை என்பதை அது உறுதிப்படுத்தும். ஆனால் குற்றம் நடந்த நேரத்தில் செல்பேசி யார் கையில் இருந்தது என்பதை விசாரணை அதிகாரிதான் தனியாக நிறுவியாக வேண்டும்.