ஆர்.எஸ்.3.பி.இ. நோய்

முதியவர்களின் இரு புறங்கைகளும் திடீரென வீங்கிப்போகும் அரிய அழற்சி நோய் ஆர்.எஸ்.3.பி.இ. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் டேனியல் மெக்கார்ட்டியும் உடன் பணியாற்றியவர்களும் 1985இல் 10 நோயாளிகளை விவரித்து இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினர். பெரும்பாலும் 60 வயதைக் கடந்தோருக்கே வருகிறது, ஆண்களே மிகுதி.

வீக்கம் ஓரிரு நாளில், சில வேளை ஒரே இரவில் தோன்றும். புறங்கை குத்துச்சண்டைக் கையுறை போலப் பருத்து, அழுத்தினால் குழி விழும். விரலை மடக்கவோ சட்டைப் பொத்தானைப் போடவோ முடியாது. காலையில் விறைப்பு கூடுதல். பாதங்களும் வீங்கலாம். விரல்களை நீட்டும் தசைநாண்களின் உறையில் ஏற்படும் அழற்சியும், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும் சேர்ந்தே இவ்வீக்கத்தை உண்டாக்குகின்றன.

இதை உறுதிசெய்யத் தனியொரு சோதனை கிடையாது. அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் உயர்ந்திருக்கும், முடக்குவாதத்தைக் காட்டும் ருமட்டாய்டு காரணியோ இரத்தத்தில் இராது, எக்ஸ்-ரேயில் எலும்பு அரிப்பும் தெரியாது. தசைநாண் உறையின் அழற்சியை அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்கும். இதயம், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் கோளாறுகளையும், கவுட், முதுமையில் தொடங்கும் முடக்குவாதம் போன்றவற்றையும் விலக்கிய பிறகே முடிவுக்கு வர வேண்டும். வயதானவருக்கு நீர் கோத்திருக்கிறது என்று சிறுநீர் பிரியும் மாத்திரையோடு அனுப்பிவிடுவது பெரும் தவறு. அந்த மாத்திரை அழற்சியைத் தணிக்காது.

சிகிச்சைக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டே போதும். நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் தொடங்கினால், சில நாள்களிலேயே வீக்கம் வடிவதைக் காணலாம். பிறகு பல மாதங்களில் அளவைப் படிப்படியாகக் குறைப்பர். சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பின் உறுதி ஆகியவற்றைக் கண்காணிப்பதும் சிகிச்சையின் பகுதியே.

மருத்துவர் மறக்கக் கூடாத ஒன்று புற்றுநோய். சிலருக்கு இவ்வீக்கம் புராஸ்டேட், இரைப்பை, பெருங்குடல் அல்லது இரத்தப் புற்றுநோயின் முன்னறிவிப்பாக வருகிறது. ஸ்டீராய்டுக்கு வீக்கம் சரியாக வடியாவிட்டாலோ, காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தாலோ புற்றுநோய்க்கான தேடலைத் தீவிரப்படுத்த வேண்டும். அத்தகையோருக்குப் புற்றுக்கட்டியை அகற்றியதும் கைவீக்கம் தணிந்ததுண்டு.

புற்றுநோய் இல்லாதவர்களில் பெரும்பாலோர் முழுமையாகத் தேறுகின்றனர். மணிக்கட்டையும் விரல்களையும் முழுதாக அசைக்க இயலாத, வலியற்ற சிறு குறை மட்டும் சிலருக்கு எஞ்சலாம்.