வாட்ஸ் கோபுரங்களிலிருந்து சர்க்யூட் போர்டு வரை

கழித்துப்போட்ட பொருள்களைக் கூட்டிப் புதிய உருவம் கொடுக்கும் அசெம்ப்ளாஜ் கலை, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் தனி மரபாகவே வேரூன்றியது. இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளி சைமன் ரோடியா, 1921 முதல் 1954 வரை தன் மனையில் தனியாளாக 17 கட்டுமானங்களை எழுப்பினார். இரும்புக் கம்பிகளுக்குக் கம்பிவலை சுற்றி, சிமெண்ட் பூசி, அது இறுகுவதற்குள் உடைந்த ஓடு, பீங்கான், பாட்டில் துண்டு, கிளிஞ்சல் ஆகியவற்றைப் பதித்தார். மிக உயரமான கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர். ஆபத்தானவை என்று சொல்லி அவற்றை இடிக்க நகர நிர்வாகம் முனைந்தது. 1959 அக்டோபரில் 10,000 பவுண்டு விசையில் இழுத்துப் பார்த்தபோது கோபுரம் உறுதியாக நின்றது. இழுத்த கருவிதான் வளைந்தது.

1965 ஆகஸ்டில் வாட்ஸில் வெடித்த கலவரம் ஆறு நாள் நீடித்து 34 உயிர்களைக் கொண்டுபோனது. கோபுரங்களை ஒட்டிய கலை மையத்தை நடத்திவந்த நோவா ப்யூரிஃபாய், நண்பர் ஜட்சன் பவலுடன் எரிந்த தெருக்களில் மூன்று டன் இடிபாடுகளைச் சேகரித்தார். கருகிய மரத்துண்டுகளோடு, தீயில் உருகிக் கட்டியாகிப்போன நியான் விளக்குப் பலகைகளும் அதில் இருந்தன. வேறு சில கலைஞர்களும் சேர்ந்து அவற்றிலிருந்து ஆக்கிய படைப்புகள் 1966இல் ‘66 சைன்ஸ் ஆஃப் நியான்’ என்ற கண்காட்சியாக அப்பகுதிப் பள்ளி ஒன்றில் முதலில் வைக்கப்பட்டன. கலவரத்துக்குச் சாட்சியான பொருள்கள், அதை அனுபவித்த மக்களின் கண்முன்னேயே கலையாக வந்து நின்றது இக்கண்காட்சியின் தனிச்சிறப்பு.

கண்டெடுத்த படங்களை இம்மரபுக்குள் வலுவாகக் கொண்டுவந்தவர் கலைஞர் பெட்டி சார். 1926இல் பிறந்த இவர், வாட்ஸில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ரோடியாவின் கோபுரங்கள் வளர்வதைப் பார்த்த சிறுமி. 1967இல் பாசடீனாவில் கலைஞர் ஜோசப் கார்னெலின் பெட்டிக் கலையைக் கண்டபின், பழைய ஜன்னல் சட்டங்களிலும் பெட்டிகளிலும் புகைப்படங்களையும் அச்சுப் படங்களையும் வைத்து அமைக்கலானார். மார்ட்டின் லூதர் கிங் 1968இல் கொல்லப்பட்டது அவர் கலையில் அரசியல் கூர்மையை ஏற்றியது. 1972இல் செய்த ‘தி லிபரேஷன் ஆஃப் ஆன்ட் ஜெமைமா’வில், கறுப்பினப் பணிப்பெண்ணைக் கேலியாகக் காட்டும் பொம்மையின் ஒரு கையில் துடைப்பம், மறு கையில் துப்பாக்கி. பின்புறம் முழுக்க அதே பெயருள்ள பான்கேக் மாவின் விளம்பர முகங்கள். இழிவுபடுத்தவே அச்சிட்ட படத்தை அழிக்காமல், அதையே எதிர்ப்புக்குத் திருப்பிய துணிச்சலில்தான் இப்படைப்பின் பெருமை இருக்கிறது.

1987இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தங்கிப் பணியாற்றியபோது பெட்டி சார் ‘மோஜோடெக்’ என்னும் பெரிய படைப்பை உருவாக்கினார். சர்க்யூட் போர்டுகளும் கணினிப் பாகங்களும் அதில் மந்திரத் தாயத்துகளோடு இடம்பெற்றன. இந்த இணைப்பு இயல்பானதே. செம்புத் தடங்களும் ஈயப் பற்றுப் புள்ளிகளும் நிறைந்த சர்க்யூட் போர்டு, அதன் செயல் தெரியாதவர் கண்ணுக்கு மந்திரத் தகடு போலவே தோன்றும். இரண்டிலும் கண்ணுக்குப் புலப்படாத ஆற்றல் உறைவதாகத் தோன்றுகிறது.

ப்யூரிஃபாய் 1989இல் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்து, 2004இல் இறக்கும்வரை திறந்தவெளியில் சிற்பங்களை அமைத்தார். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் கணினித் திரைகளும் அங்கே கழிவறைப் பீங்கான்களோடும் டயர்களோடும் கலந்து நிற்கின்றன. வெயிலும் காற்றும் அவற்றை மாற்றுவதையும் படைப்பின் பகுதியாகவே அவர் கருதினார். அவர் பெயரிலான அறக்கட்டளை இன்று அவ்விடத்தைப் பராமரிக்கிறது.