ஓடிக்கொண்டே ஊருக்கு உதவி: 'பிளாகிங்', 'குட்ஜிம்' என்றால் என்ன? தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் எப்படிச் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கமோ, செம்பூர் டைமண்ட் கார்டன் பக்கமோ போயிருக்கிறீர்களா? ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள், வேகமாக நடக்கிறவர்கள், டாக்டர் சொன்னாரே என்று வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கும். ஒரு மணி நேரம் வியர்வை சிந்திவிட்டு, ஒரு ஃபில்டர் காபியோடு வீடு திரும்புவார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் குழுவாக ஓடிக்கொண்டே சேவை செய்யும் பழக்கம். அது என்ன, மும்பையில் எப்படிச் செய்யலாம், எங்கே கவனம் தேவை என்று பார்ப்போம்.

இது எங்கே தொடங்கியது?

இதில் இரண்டு வகைகள் பிரபலம். முதலாவது 'பிளாகிங்'. இணையத்தில் எழுதும் பிளாக் இல்லை, இது வேறு. ஸ்வீடிஷ் மொழியில் 'ப்ளோக்கா உப்' என்றால் பொறுக்கி எடுப்பது. அதையும் ஜாகிங்கையும் சேர்த்து உருவான சொல் இது. 2016-ல் ஸ்டாக்ஹோமில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் இதைப் பரப்பினார். கையில் ஒரு பை. ஓடும்போது கண்ணில் படும் குப்பையைக் குனிந்து எடுத்துப் பையில் போட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது, லண்டனில் தொடங்கிய 'குட்ஜிம்'. 2009-ல் இதை ஆரம்பித்தவர் ஐவோ கோர்ம்லி. ஜிம்மில் எடை தூக்கி வீணாக்கும் சக்தியை ஏன் உருப்படியான வேலைக்குத் திருப்பக் கூடாது என்பது அவரது கேள்வி. குழுவாக ஓடிப் போவார்கள். பூங்காவில் மண் அள்ளுவது, சமூகக் கூடத்துக்குப் பெயின்ட் அடிப்பது என்று ஏதாவது ஒரு வேலையை முடிப்பார்கள். பிறகு ஓடியே திரும்புவார்கள்.

தனியாக வசிக்கும் முதியவரை ஓடிப் போய்ப் பார்த்து, பேசிவிட்டு வருவதும் இதில் உண்டு. அந்த முதியவருக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? 'கோச்'. அவர் காத்திருப்பதால்தான் இவர் சோம்பேறித்தனம் பார்க்காமல் ஓடுகிறார். அப்படியென்றால் பயிற்சியாளர் அவர்தானே!

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

டெல்லியைச் சேர்ந்த ரிப்பு தமன் பெவ்லி பல நகரங்களில் பிளாகிங் ஓட்டங்களை நடத்தினார். புனேவில் விவேக் குரவ் 2018-ல் ஒரு குழுவைத் தொடங்கினார். 2019 அக்டோபர் 2-ம் தேதி, காந்தியின் 150-வது பிறந்தநாளில், மத்திய அரசு நாடு முழுக்க பிளாகிங் ஓட்டத்துக்கு அழைப்பு விடுத்தது.

தமிழர்களுக்கு அதே மாதம் 12-ம் தேதி நடந்தது நினைவிருக்கலாம். சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்திருந்தபோது, மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் மோதி குப்பை பொறுக்கும் வீடியோ வெளியானது. பிளாகிங் என்ற சொல்லைப் பலர் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

மாரத்தானில் நிதி திரட்டுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2004 முதல் நடந்துவரும் மும்பை மாரத்தானில் ஓடுகிறவர்கள் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் திரட்டுகிறார்கள். அது பெரிய உதவிதான். ஆனால் அது வருஷத்துக்கு ஒரு நாள். பணம் போய்ச் சேரும் இடத்தை ஓடுகிறவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

நாம் பேசும் பழக்கத்தில் நீங்கள் கொடுப்பது பணத்தை அல்ல. உங்கள் நேரத்தையும் கை கால்களையும். அதுவும் வாராவாரம், உங்கள் பேட்டையிலேயே.

தாராவிக்குள் ஓடும் முன் என்ன யோசிக்க வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி. தாராவியில் குப்பை என்பது பலருக்குப் பிழைப்பு. 13 காம்பவுண்ட் பகுதியில் மும்பையின் பழைய பிளாஸ்டிக்கும் அட்டையும் தகரமும் தரம் பிரிக்கப்பட்டு மறுபடி பொருளாகின்றன. தெருவில் கிடக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் உங்களுக்குக் குப்பை. விடியற்காலையில் சாக்குப் பையோடு வரும் அம்மாவுக்கு அது அன்றைய கூலியில் ஒரு பங்கு.

நீங்கள் இருபது பேர் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து அந்தப் பாட்டில்களை எல்லாம் பொறுக்கி, குவித்துவைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனால் தெரு சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் யாருக்கு உதவினீர்கள்?

அதனால் எளிய விதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பாட்டில், அட்டை, தகரம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். எடுத்தாலும் தனியாகப் பிரித்து, அங்கேயே வேலை செய்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் பை நிறைய வேண்டியது யாரும் விலைக்கு வாங்காத குப்பை. சிப்ஸ் பாக்கெட், குட்கா பாக்கெட், ஷாம்பு சாஷே போன்றவை. மழை வந்தால் சாக்கடையை அடைப்பவையும் இவைதான்.

குப்பை சேகரிப்போரைத் திடக்கழிவு மேலாண்மை அமைப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் உள்ளாட்சிகளுக்குக் கூறின. மும்பையில் 1975 முதல் இயங்கும் ஸ்திரீ முக்தி சங்கட்டனா, இந்தத் தொழிலில் உள்ள பெண்களோடு நீண்ட காலமாக வேலை செய்கிறது. புதிதாகக் குழு தொடங்கினால் முதலில் இத்தகைய அமைப்பிடம் பேசுங்கள். 'நாங்க என்ன செஞ்சா உங்களுக்கு உபயோகமா இருக்கும்?' என்று கேளுங்கள்.

இன்னொன்று. சந்துகளில் வீட்டு வாசலே சமையலறை, குளியலறை எல்லாம். அனுமதி கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். தாராவிக்காரர்களையும் குழுவில் சேருங்கள். அவர்கள் உதவி வாங்குகிறவர்கள் மட்டும் அல்ல. 2020-ல் கொரோனா பரவியபோது உள்ளூர் டாக்டர்களும் தன்னார்வலர்களும் மாநகராட்சி ஊழியர்களோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியை உதாரணமாகச் சொன்னார். பேட்டைக்கு என்ன தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

குப்பை மட்டும்தான் வேலையா?

இல்லவே இல்லை. ஒவ்வொரு பேட்டைக்கும் தேவை வேறு.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் தமிழ்த் தாத்தா பாட்டிகள் நிறைய. வாரம் ஒருநாள் ஓடிப் போய் மருந்து வாங்கிக் கொடுப்பது, லைட் பல்பு மாற்றுவது, பத்து நிமிஷம் தமிழில் பேசுவது போதும். ஆனால் நேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். பிரிட்டனில்கூட முதியவர்களின் வீட்டுக்குப் போகிறவர்களின் பின்னணியைச் சரிபார்த்த பிறகே அனுப்புகிறார்கள். ஹவுசிங் சொசைட்டி செயலாளர் மூலமாக, இரண்டு பேராகப் போவது நல்லது. சிக்கலில் இருக்கும் முதியவரைப் பார்த்தால் 14567 என்ற தேசிய முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ரத்த தானத்துக்குக் குழுவாகப் போகலாம். ஆனால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம்.

மித்தி நதிக்கரையில், தாராவியை ஒட்டி மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. 37 ஏக்கர் காடு. ஒரு காலத்தில் அது மாநகராட்சியின் குப்பைமேடு. மரம் நட்டு, வளர்த்து, 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். பொறுமையாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எப்படித் தொடங்குவது?

- ஐந்தாறு பேர் போதும். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று முடிவு செய்யுங்கள்.
- மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் போதும். மெதுவாக ஓடுகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம். நடக்கிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
- ஓட்டத்தின் நடுவில் அரை மணி நேரத்தில் முடியும் ஒரே ஒரு வேலை வையுங்கள்.
- தடித்த கையுறை கட்டாயம். ஊசி, உடைந்த கண்ணாடி, மருத்துவக் கழிவு ஆகியவற்றைத் தொடாதீர்கள்.
- குனியும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.
- சேர்ந்த குப்பையை எங்கே கொடுப்பது என்று வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தாராவி ஜி வடக்கு வார்டு, மாட்டுங்கா எஃப் வடக்கு, செம்பூர் எம் மேற்கு.

மழைக்காலத்தில் ஓடலாமா?

ஓடலாம், தேங்கிய தண்ணீரில் மட்டும் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மும்பையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. காலில் சின்னக் காயம் இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும். தேங்கிய நீரில் இறங்க நேர்ந்தால் மூன்று நாட்களுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், டாக்டரைப் பாருங்கள்.

ஒரே ஒரு நாள் செய்தால் பலன் உண்டா?

வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா குப்பை அள்ளத் தொடங்கியபோது கூட வந்தது 84 வயது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். வாராவாரம் தொடர்ந்ததால் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2018-ல் அங்கே ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போவதை மும்பை பார்த்தது.

முதல் ஞாயிறு இருபது பேர் வருவார்கள். நாலாவது ஞாயிறு நாலு பேர் வரலாம். தாத்தாவின் மருந்துச் சீட்டு அந்த நாலு பேருக்காகக் காத்திருக்கும். அந்த நாலு பேரில் நீங்கள் ஒருவராக இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு, ஷூ லேஸைக் கட்டுங்கள்.